விளக்கு எரிந்தால் உட்கார வையுங்கள்

முத்துத்துறைக் குடியிருப்பில் யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடியில் நிற்க வேண்டும். ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். காதில் விழுந்தது பாதி, மீதியை அவரவர் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். நெஞ்சுப்பொட்டு வந்த பிறகு அந்தச் சிரமமெல்லாம் தீர்ந்தது. விஷயம் சட்டைக்கு மேலேயே ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

இருதயக்காரர்களுக்கு வந்த சாமான் அது. நாணயம் அளவுதான் இருக்கும், நெஞ்சில் ஒட்டிவிடுவார்கள். நெஞ்சு அடைக்கப்போகிறது என்று அதற்குத் தோன்றினால் மருந்தை விட்டு, சட்டைத் துணியைத் தாண்டித் தெரிகிற ஒரு விளக்கை எரியவிடும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. பார்த்த பெண்கள் "பொட்டு மாதிரில்லா இருக்கு" என்றார்கள், அந்தப் பெயரே நின்றுவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள்தான் முத்துத்துறை முழுக்க. இடுப்புவலி, முட்டிவலி, நெஞ்சுவலி என்று எதற்கும் அங்கே பஞ்சம் கிடையாது.

முதலில் ஒட்டிக்கொண்டவர் பி பிளாக் சாமுவேல் சார். மருமகனுடைய மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே சாரின் பொட்டு எரிய ஆரம்பித்துவிடும். மருமகன் ரோஷக்காரர். வண்டியை விற்றுவிட்டு, ஓடுவதே தெரியாத மின்சார வண்டி வாங்கினார். பொட்டு ஒரு வாரம் ஏமாந்தது. பிறகு அவர் கேட்டைத் தள்ளும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அந்த மருமகன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமும் முத்துத்துறையில் யாருக்கும் இருக்கவில்லை.

அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களில் சங்கரவடிவும் ஒருத்தி. தன் வீட்டுக்குள் அது வரும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் தளவாய் அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கி இறக்கியவருக்கு ஒருநாள் அரிசிப் பையைத் தூக்கும்போது நெஞ்சை யாரோ பிசைந்தார்கள். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, கத்தி வைக்கத் தோதில்லாத இடம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியும் கையுமாக இருந்தார். வலி வந்தால் உட்கார்ந்து, சின்ன மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருப்பார். வடிவு பக்கத்தில் நின்று விசிறுவாள். பிறகுதான் நர்ஸ் ஜெசிந்தா பொட்டோடு வந்தாள்.

ஜெசிந்தா அவர் நெஞ்சில் உள்ளங்கை அளவுக்கு முடியைச் சிரைத்து, துடைத்து, இடப்பக்கமாகப் பொட்டை ஒட்டினாள். அடுத்த வாரம் வலப்பக்கம் மாற்ற வேண்டும், ஒரே இடமென்றால் தோல் புண்ணாகும் என்றாள்.

"இதுவரைக்கும் வலி வந்த பொறவு மாத்திரை வச்சியல்லாய்யா? இது வலி வாரதுக்கு முந்தியே அந்த மருந்தைத் தோல் வழியா அனுப்பிரும்."

"வரப்போறது அதுக்கு எப்படிம்மா தெரியும்? ஜோசியம் பாக்குமோ?" என்றார் தளவாய்.

"படிக்கும்ய்யா. ஒரு மாசம் ஒங்ககூடவே கெடந்து படிக்கும். நெஞ்சு எப்பத் திணறுது, அதுக்குக் கொஞ்சம் முந்தி என்ன சத்தம் கேட்டுது, நடந்தியளா, சாப்பிட்டியளான்னு எல்லாத்தையும் பாக்கும். படிச்சு முடிச்சிட்டுன்னா பொறவு அந்தச் சத்தம் காதுல விழுந்தாலே போதும். நெஞ்சைக்கூடக் கேக்காது, மருந்தை விட்டுரும்."

"அப்ப வலியே வராதா?" என்று வடிவு கேட்டாள்.

"வராதும்மா."

"வலியே வராட்டா ஒடம்புக்கு ஆகலைன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே விளக்கு?" என்றாள் ஜெசிந்தா. "இந்த மருந்து உள்ள போனா ரத்த அழுத்தம் சட்டுன்னு எறங்கும். நின்னுக்கிட்டிருந்தா தலை சுத்தி விழுந்துருவாவ. அதனால விளக்கு எரிஞ்சா பக்கத்துல யாரு இருந்தாலும் மொதல்ல உக்கார வச்சிரணும். கனத்த துணி போட்டு அதை மறைக்கப்படாது."

சொன்னதோடு நிற்காமல், மஞ்சள் தாள் ஒன்றைக் கூடத்துச் சுவரில், தளவாயின் பிரம்பு நாற்காலிக்கு மேலே ஒட்டினாள். 'விளக்கு எரிந்தால் உட்கார வையுங்கள். சட்டையைத் தளர்த்துங்கள். கத்தாதீர்கள்.'

பிறகு இன்னும் கொஞ்சம் சொன்னாள். தலைவலி வரும், பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். காலையில் போடும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நெஞ்சு திமிறிக்கொள்ளும். பழைய குப்பியையும் வெளிச்சம் படாமல் வைத்திருக்க வேண்டும். மாடிப்படி கூடாது. பாரம் தூக்கக் கூடவே கூடாது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அய்யா, அந்த... ஆம்பிளைங்க போடுத மாத்திரை எதுவும் போடுதியளா? போட்டா சொல்லிருங்க. இதும் அதும் சேந்தா உயிருக்கே ஆபத்து" என்றாள்.

தளவாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, இந்த வயசுலயா?"

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தம்ளர் உருண்டு விழும் சத்தம் கேட்டது. அந்த ஜன்னல் ரோஸ்லினுடையது. நல்லது கெட்டது எதற்கும் முதலில் வந்து நிற்கிறவள். நல்லதுக்கு வந்த கையோடு கெட்டதையும் விசாரித்துக்கொண்டு போவாள்.

அதன் பிறகு வீட்டு நடைமுறை மாறியது. லிஃப்ட் எப்போதோ படுத்துவிட்டதால் கடைக்குப் போவது வடிவின் வேலையாயிற்று. அவளுக்கு வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. பையோடு ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி, பையைக் கீழே வைத்து, "அப்பனே முருகா!" என்று ஒரு குரல் விடுவாள். அந்தக் குரல் சி பிளாக்வரை கேட்கும். அதன் பிறகுதான் மூன்றாம் மாடிக்குக் கால் வரும். உள்ளே வந்ததும் நேராக அடுக்களைக்குப் போய், டிரம்மிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மோந்து குடித்துவிட்டு அப்புறம்தான் பேச்சு.

அந்த டிரம் முன்பு அண்ணாச்சியின் பொறுப்பு. மூன்றாம் மாடியில் காலையில் ஒரு பொழுதுதான் தண்ணீர் வரும், அதுவும் குளியலறைக் குழாயில் மட்டும். அங்கிருந்து குடம் குடமாக அடுக்களைக்குச் சுமக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது என்று ஆன பிறகு, கடைக்குப் போய் வந்து தானே சுமப்பதாக வடிவு சொன்னாள். முதல் நாள் முட்டியைத் தடவிக்கொண்டே வந்து பார்த்தால் டிரம் நிரம்பியிருந்தது.

"அடுக்களைக் கொழாய்லயே வந்துட்டு வடிவு" என்றார் தளவாய், நாற்காலியில் பேப்பரை விரித்தபடி. "பம்பு மாத்தியிருப்பான் போல. ரப்பர் கொழாயைச் சொருகி விட்டேன், அவ்ளவுதான்."

வடிவு அதை அப்படியே நம்பினாள். மாநகராட்சிமேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த பெண்பிள்ளை தூத்துக்குடியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவள் திரும்பி வரும்போது தண்ணீர் நேரம் முடிந்திருக்கும் என்பதால் குழாயைத் திருகிப் பார்க்கவும் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. பொட்டு படிப்பை முடித்துக்கொண்டது.

ஒரு காலையில் வடிவு வெண்டைக்காயும் தேங்காயுமாக ஏறி வந்தாள். சீட்டுப் பணம் விஷயமாக ஏதோ கேட்க ரோஸ்லினும் பின்னாலேயே வந்தாள். கதவைத் திறந்தால், தளவாய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் பொட்டு ஜோராக எரிகிறது.

"என்னங்க செய்யுது?" வடிவு பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஒண்ணும் செய்யலையே" என்றார் அவர். குனிந்து பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார்.

 ரோஸ்லின் வாசலிலேயே நின்று ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். நான்காம் நாள் வடிவின் கையைப் பிடித்து மாடிப்படியில் நிறுத்தினாள்.

"மைனி, தப்பா நெனைக்காதிய. நான் உள்ள போனேன், எரியலை. கேஸ்காரன் போனான், எரியலை. நேத்து நான் அண்ணாச்சிகூடப் பேசிக்கிட்டே நிக்கேன், நீங்க கீழ 'முருகா'ன்னு கூப்புட்டிய பாருங்க, குப்புன்னு எரியுது. அண்ணாச்சி என்னைய அவசரமா 'பொறவு வா'ன்னு அனுப்பிட்டாவ. மூஞ்சியே சரியில்ல."

"அதுக்கு என்ன சொல்லுத?"

"நான் என்ன சொல்லக் கெடக்கு? கண்டதைச் சொல்லுதேன்."

கண்டதைச் சொன்னது இரண்டு நாளில் ஏ பிளாக்கிலிருந்து எஃப் பிளாக்வரை போய்ச் சேர்ந்தது. பெண்டாட்டி குரல் கேட்டால் புருஷனுக்கு நெஞ்சு அடைக்கிறது. சங்கரவடிவின் வாய் அப்படி என்பது ஊரறிந்த விஷயம், இத்தனை வருஷம் அந்த மனிதர் தாங்கியதே பெரிது என்று, அதே வாய்க்குப் பயந்து நடந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். அவள் வீட்டுக்குள் பகல் முழுக்க நடமாடும்போது ஏன் எரியவில்லை, வெளியிலிருந்து வரும்போது மட்டும் ஏன் எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சின் ருசி போயிருக்கும்.

வடிவும் கேட்கவில்லை. அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தான் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதுவாக இருக்குமோ என்று பார்த்தாள். அவருடைய தம்பியைத் திண்ணையோடு அனுப்பியது. தீபாவளிக்கு எடுத்துவந்த புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னது. அப்புறம், அவர் வேலை முடிந்து வந்து குளிக்கும்போது பாடுவார், நல்ல குரல். ஒருநாள் எரிச்சலில், "இதுக்கு ஒங்க கிரேன் சத்தமே தேவலை" என்றாள். மறுநாளிலிருந்து அவர் பாடவில்லை. அவர் பாடாததை அவள் கவனிக்கவே சில மாதம் பிடித்தது. கவனித்த பிறகும், பாடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததை இந்த ஆரஞ்சு விளக்கு தோண்டி எடுத்துவிட்டது.

ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டாள். "நான் வந்தா ஒங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலையே வடிவு."

"பொறவு ஏன் எரியுது?"

தளவாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்களைப் பக்கம் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். "கோளாறா இருக்கும்" என்று சொல்லி, மோரை ஊற்றச் சொன்னார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் எதையோ மறைக்கிறார் என்று வடிவுக்கு நன்றாகத் தெரிந்தது. எதை என்பதில்தான் அவள் தவறிவிட்டாள்.

அந்த வாரம் பொட்டை மாற்ற வந்த ஜெசிந்தா, அதைக் கையில் இருந்த கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மருந்து ரொம்பப் போகுதும்மா. இப்படியே போனா ஒடம்பு அதுக்குப் பழகிரும். பழகிட்டுன்னா, நெசமா வேணுங்கும்போது மருந்து கேக்காது. அதுக்காகத்தான் ராத்திரி முழுக்க மருந்து வராம இதை உறங்க வைக்கோம்." பிறகு தயங்கினாள். "வீட்ல ஏதும் மனஸ்தாபமா? ஒரு குரலுக்குத்தான் எரியுதுன்னு காட்டுது. வாசப் பக்கம், பொம்பளக் குரல்."

வடிவு வெளியே பார்த்தாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது.

மதுரையிலிருந்து மகள் பகவதி கூப்பிட்டாள். நர்ஸ் அவளுக்கும் சொல்லியிருந்தாள். "அம்மா, யாரு மேலயும் தப்பு இல்ல. கொஞ்ச நாள் இங்கன வந்து இரு. அப்பா ஒடம்பு ஒரு நெலைக்கு வரட்டும். இங்க லிஃப்ட் இருக்கு, ஒன் முட்டிக்கும் நல்லது."

வடிவு தளவாயைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். அவர் அவளுடைய காலைப் பார்த்தார். வீங்கியிருந்த முட்டியைப் பார்த்தார்.

"போயிட்டு வா" என்றார். "முட்டிக்கு நல்லதுல்லா."

அவள் பையைக் கட்டினாள். படி இறங்கும்போது முட்டி வலித்தது. முருகனைக் கூப்பிடவில்லை.

மதுரை வீட்டில் ஒரு குறையும் இல்லை. பத்தாவது மாடி, லிஃப்டில் கண்ணாடி, குழாயைத் திருப்பினால் கொதிக்கிற தண்ணீர்கூட வந்தது. ரோஸ்லின் விடாமல் கூப்பிட்டுச் சேதி சொன்னாள். "விளக்கே எரியலை மைனி! நீங்க போன நாள்லேருந்து ஒரு நாள்கூட எரியலை. அண்ணாச்சி ராசா மாதிரி உக்காந்திருக்காவ. நர்ஸ் பொண்ணுக்கு ஒரே சந்தோஷம்." அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். வடிவும் "நல்லதுதான் ரோஸ்லின், முருகன் செயல்" என்று சொல்லி வைப்பாள். வைத்த பிறகு, பகவதி வீட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டு, கீழே ஓடும் பஸ்களில் தூத்துக்குடி என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

தளவாயும் கூப்பிடுவார். அதிகம் பேச மாட்டார். முட்டி எப்படி இருக்கிறது என்பார். அங்கே தண்ணீர் நன்றாக வருகிறதா என்பார். இதென்ன கேள்வி என்று அவளுக்கு இருக்கும்.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தச் சாமானுக்கு ஆகாதது அவளுடைய குரல்தானே. அவளுக்கு மனிதர் வேண்டும், குரல் வேண்டாம். வாயைத் திறக்காமல் ஒரு வீட்டில் இருக்க முடியாதா? ஊமைச்சிகள் குடித்தனம் பண்ணவில்லையா? அவரைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல வாரேன். படியில முருகனைக் கூப்புட மாட்டேன். கதவையும் சத்தம் இல்லாமத் தொறந்துக்கிடுதேன். ஒங்களுக்கு எரியாது."



"கூப்புடாம எப்படி ஏறுவ?" என்றார் தளவாய்.

"மெதுவா ஏறிக்கிடுதேன்."

"மெதுவாவே ஏறு. எத்தன மணிக்கு வருவ?"

அவள் வருவதற்குள் மனதைத் தயார்படுத்திக்கொள்ளத்தான் நேரம் கேட்கிறார் என்று வடிவு நினைத்தாள். முதல் பஸ் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவி, அவருக்குப் பிடிக்கும் என்று மருமகனிடம் சொல்லி ஜிகர்தண்டா மாவு ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பஸ் ஊருக்குள் நுழையும்போது ரோஸ்லின் கூப்பிட்டாள். "மைனி எங்க வந்துக்கிட்டிருக்கிய? அண்ணாச்சிக்கு லேசா மயக்கம். நர்ஸுக்குச் சொல்லியாச்சு. ஆட்டோ பிடிச்சு வந்துருங்க." லேசான மயக்கத்துக்கு ரோஸ்லினின் குரல் அப்படி நடுங்காது.

கேட்டில் ஆட்கள் நின்றார்கள். சாமுவேல் சார் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சட்டையைத் தாண்டிப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அவரைப் பிடித்துத் திண்டில் உட்கார வைத்தார்கள். 

அவள் படியேறினாள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒரு கையால் பையைப் பிடித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். சொன்ன சொல் சொல்தான். முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் முட்டி மடங்கியது. பை கையிலிருந்து நழுவியது. அவளைக் கேட்காமலே வாய் திறந்தது.

"அப்பனே முருகா!"

மேலே ஒரு கூச்சல் எழுந்தது. "எரியுது! எரியுது! அண்ணாச்சிக்கு எரியுது!" அது ரோஸ்லின். "உசுரு இருக்கு! ஏ ஜெசிந்தா, இங்கன பாரு!"

எப்படி ஏறினாள் என்று வடிவுக்குத் தெரியாது. கூடத்தில் தளவாயைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். கண் மூடியிருந்தது. வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. நெஞ்சில் பொட்டு ஆரஞ்சு நிறத்தில் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா குனிந்து கழுத்தில் விரல் வைத்திருந்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"இல்லம்மா" என்றாள் மெதுவாக. "அது ஒங்க குரலைக் கேட்டு எரியுது."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குள் அத்தனை பேர் இருந்தும், எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"கொழாயை யாரு மூடாம விட்டது?" என்றாள் வடிவு. அந்த நேரத்தில் அவளுக்கு ஏன் அதைக் கேட்கத் தோன்றியது என்று யாருக்கும் புரியவில்லை.

"கதவுக்கு அடில தண்ணியா வந்துது மைனி" என்றாள் ரோஸ்லின். "சண்டை போடத்தான் வந்தேன். பாத்தா அண்ணாச்சி அடுக்களை நடையில குப்புறக் கெடக்காவ. பக்கத்துல கொடம். விளக்கு அணையப்போற மாதிரி மினுக்கிக்கிட்டு இருந்துது. நான்... நான் கத்திட்டேன். உக்கார வைக்கணும்னு தோணலை."

வடிவு குளியலறைக்குப் போனாள். குழாய்க்குக் கீழே இன்னொரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை மூடவில்லை. அடுக்களைக்குப் போனாள். டிரம் விளிம்புக்கு ஒரு குடம் குறைவாக நிறைந்திருந்தது. தரை துடைக்கும் துணி, பிழிந்து மடித்து, தயாராகக் கதவோரம் இருந்தது. அவள் அடுக்களைக் குழாயைத் திருகினாள். அது இரண்டு தடவை காற்றில் இருமியது. ஒரு சொட்டு வரவில்லை.

பின்னாலேயே வந்து நின்ற ஜெசிந்தா குழாயைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். படித்த பெண், அவளுக்கும் விளங்கியது.

"தெனமும் இதுதான் நடந்திருக்கு" என்றாள்.  "நீங்க படியில கூப்புட்டதும், வந்துருவியன்னு கடைசிக் கொடத்தை ஓடி ஓடி ஊத்தி, தரையைத் துடைச்சிட்டுப் போயி நாக்காலியில உக்காந்திருக்காவ. அந்த ஓட்டத்துலதான் நெஞ்சு திணறியிருக்கு. பொட்டு அதைப் படிச்சிருக்கு. ஒங்க குரல் கேட்டா, அடுத்தது ஓட்டம். அதான் முந்தியே மருந்து விட்டிருக்கு. ஒங்க குரல்தாம்மா இத்தன நாளும்..."



"இன்னைக்கு நான் கூப்புட மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள் வடிவு.

"குரல் இல்லாததுனால மருந்து முந்தல. நெஞ்சு திணறின பொறவுதான் போயிருக்கு. போகும்போது கொடத்தோட நின்னிருக்காவ. உக்கார வைக்க ஆள் இல்ல." ஜெசிந்தா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு தடவை வலிச்சிருந்தா மொதக் கொடத்துலயே நிறுத்தியிருப்பாவ. அந்த வலியை எடுத்தது நான்தான். அன்னைக்கே கேட்டிய, வலி வராட்டா எப்படித் தெரியும்னு. விளக்கு சொல்லும்னு சொன்னேன். அது சொல்லத்தான் செஞ்சுது. நாமதான் ஒங்க பேரைச் சேத்து வாசிச்சோம்."

வடிவு கூடத்துக்கு வந்தாள். பொட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெரியவர், அதைப் பிய்த்து எடுத்துவிடு, பார்க்கச் சகிக்கவில்லை என்று நர்ஸிடம் சொன்னார். ஜெசிந்தா கையை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் வடிவு.

சி பிளாக்வரை கேட்கும் குரல்தான். எல்லோரும் விலகினார்கள். அவள் சுவரில் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள்.

"விளக்கு எரியுதுல்லா? உக்கார வைங்க."

யாரும் அசையவில்லை. அவள் தானே குனிந்து, ஒரு கையை அவர் தோளுக்கு அடியில் கொடுத்தாள். முட்டி மடங்கியது. அப்போதுதான் ரோஸ்லினின் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து பிடித்தார்கள். கிரேன் ஓட்டிய உடம்பு, கனமாகத்தான் இருந்தது. பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை சாயாமல் ஜெசிந்தா பின்னால் நின்று தாங்கிக்கொண்டாள். வடிவு அவருடைய சட்டையின் மேல் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தளர்த்தினாள்.

"நான் வந்துட்டேன்" என்றாள். "போதும். கொடத்தைக் கீழ வைங்க."

ரோஸ்லின் போய்க் குளியலறைக் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. வாசலில், படியில், கீழே கேட்டில் என்று முத்துத்துறை முழுக்க நின்றுகொண்டிருந்தது. ஒருவர் இன்னொருவர் காதில் ஒன்றும் சொல்லவில்லை.

வடிவு அடுக்களைக்குப் போய், டிரம்மிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மோந்து வந்தாள். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மூன்று மாடி ஏறி வந்தவள் குடிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, முழுவதையும் குடித்தாள். அவள் குடித்து முடித்து, செம்பைக் கீழே வைக்கும்வரை விளக்கு எரிந்தது.